கோடை விடுமுறையில் பந்து காலைவிட்டுப் போகாமல் இருக்க

ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றைக்கே பள்ளிக்கூடத்துக் கால்பந்துகள் வலைப்பையோடு பி.டி. அறைக்குள் போய்விடும். அறைக்குப் பூட்டு, மாஸ்டர் ஊருக்கு. மறுபடி அந்தப் பை வெளியே வர ஜூன் ஆகிவிடுகிறது. பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே குறுவட்டப் போட்டிக்கு அணி எடுக்கிறார்கள். ஐந்தாறு வாரம் சும்மா இருந்த பிள்ளை முதல் ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்திலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறான். பந்தை நிறுத்தத் தெரிந்த கால் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. முதலில் போவது மூச்சு. அதோடு சேர்ந்து காலையில் எழுகிற பழக்கமும் போய்விடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப லைசென்ஸ் வாங்கிய கோச் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. கல்லூரியில் படிக்கிற அண்ணன், ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடிய அப்பா, விடிகாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிகிற அம்மா, யார் வேண்டுமானாலும் செய்யலாம். வட சென்னையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளை வைத்துச் சில வருஷமாக நான் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நம் வேலை புதிய வித்தை கற்றுக்கொடுப்பது இல்லை. தினமும் அதே நேரத்துக்கு நாம் கிரவுண்டில் நிற்க வேண்டும், வந்த ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து இருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளை அங்கே சேர்த்துவிடுங்கள், நல்ல கோச்சுகள் கிடைப்பார்கள். ஆனால் முகாம் விடுமுறை முழுக்க நடக்காது. மீதி நாட்களுக்கு நீங்கள் வேண்டும்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

முதல் வருஷம் நான் மாலை நாலரை மணி என்று வைத்தேன். அதற்குள் கடல்காற்று வந்துவிடும் என்று நினைப்பு. ஒருநாள் காற்று வரவே இல்லை. பத்து வயசுப் பையன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தவன் அடையாளத்துக்கு வைத்திருந்த கோனை மிதித்துத் தடுமாறினான். களைப்பு என்று விட்டுவிட்டேன். அடுத்த நிமிடம் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. “அண்ணா, தலை சுத்துது” என்றான். எதிர்வீட்டு ட்ரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு தலையிலிருந்து கால்வரை ஊற்றினோம், நிழலில் உட்காரவைத்து ஆளுக்கொரு அட்டையை எடுத்து விசிறினோம். கால் மணி நேரத்தில் தெளிந்தான். அவன் தடுமாறியபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் கோன் மிதிபட்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதிலிருந்து காலைதான். மே மாதம் சென்னையில் 5.45 மணி வாக்கில் சூரியன் உதிக்கும். 5.45-க்குத் தொடங்கி 7.15-க்கு முடித்துவிடுங்கள். ஏழரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். மாலையில்தான் முடியும் என்றால் வெயில் இறங்கி ஐந்தரைக்கு மேல்.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அது முடிந்ததும் வெயில் குறைந்துவிட்டது என்று நேரத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. சென்னையில் இதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம் 45 டிகிரி. அது பதிவான நாள் 2003 மே 31, கத்திரி கழிந்த பிறகு. பள்ளி திறக்கும்வரை நேரத்தை மாற்றாதீர்கள்.

இன்னொன்று, உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் 45 நிமிடத்தோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம். முழுப் பயிற்சி மூன்றாவது வாரத்திலிருந்துதான். நடுவில் ஊருக்குப் போய்விட்டு வரும் பிள்ளைக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளைக்கும் இதே கணக்கை மறுபடி முதலிலிருந்து போடுங்கள்.

இடம்

முழு மைதானம் தேடி அலைய வேண்டாம். 20 பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்கட்பால் கோர்ட்டைப் போல இரண்டு மடங்கு இடம் போதும். மாநகராட்சித் திடல், பள்ளி மைதானம் என்றால் பொறுப்பில் இருப்பவரிடம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அனுமதி வாட்ச்மேன் மாறியதும் போய்விடும். கடற்கரை மணல் மூச்சுக்கு நல்லது, ஆனால் பந்து உருளாது, பாஸ் பழக முடியாது. வாரத்தில் ஒருநாள் வைத்துக்கொள்ளலாம். வாடகை டர்ஃப் விடிகாலையில் சரி, வெயில் ஏறியபின் செயற்கைப் புல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்.

முதல் ஆளாகப் போய் கிரவுண்டை ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிடுங்கள். முந்தின இரவு உடைந்த பாட்டில் எப்போதும் ஓரத்தில்தான் கிடக்கும், பிள்ளைகள் பந்தெடுக்க ஓடுகிற இடத்தில். இரும்பு கோல்போஸ்ட் தரையில் புதைக்காமல் சும்மா நிற்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பிள்ளைகள் மேல்கம்பியில் தொங்குவார்கள், அப்படியே முன்பக்கம் சாயும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் உயிரைப் பறித்திருக்கிற விபத்து இது. மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாமல் செருப்பை வைத்துக் கோல் போடுங்கள்.

பந்து

பணம் இருந்தால் ஜெர்சிக்குச் செலவு செய்யாதீர்கள், பந்துக்குச் செய்யுங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து இருக்க வேண்டும். 8 வயசுக்குக் கீழே 3-ம் நம்பர், 8 முதல் 12 வரை 4-ம் நம்பர், 13 ஆனபிறகுதான் 5. ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் விரல்நுனியால் குத்தி அடிக்கப் பழகிவிடுவான், அதை மாற்றுவதற்கு ஒரு வருஷம் ஆகும். வீட்டில் சும்மா கிடக்கிற ரப்பர் பந்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், பந்தைக் கீழே விடாமல் காலால் தட்டிக்கொண்டே இருக்கிற ஜக்ளிங் பழக அது போதும். பம்பும் இரண்டு நீடிலும் பையில் இருக்கட்டும். நீடிலை எச்சில் தொட்டோ, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டோ நுழைத்தால் வால்வு கிழியாது. தோள் உயரத்திலிருந்து போட்டால் இடுப்புவரை எழும்ப வேண்டும், அதுதான் சரியான காற்று.

பூட்ஸ் இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். மணலிலும் புல்லிலும் வெறுங்கால் போதும். சரளைத் தரையில் மட்டும் கேன்வாஸ் ஷூவாவது வேண்டும். அண்ணனின் பழைய பூட்ஸில் பஞ்சு அடைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அதைவிட வெறுங்கால் மேல்.

ஒரு காலை எப்படி நடக்கும்

5.45-க்கு முதலில் வருகிற பிள்ளை சும்மா நிற்கக் கூடாது. பந்தைப் பரப்பி வைத்துவிடுங்கள், எடுத்து ஜக்ளிங் செய்யட்டும். எல்லோரும் வந்து வரிசையாக நின்று அட்டெண்டன்ஸ் எடுத்துத் தொடங்கினால் இருபது நிமிடம் போய்விடும். நோட்டில் பெயரைக் குறிப்பது அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே நடக்கட்டும்.

6 மணிக்கு வார்ம் அப், 15 நிமிடம். இதற்கு ஃபிஃபா வகுத்துக்கொடுத்த ‘11+ கிட்ஸ்’ என்ற திட்டம் இருக்கிறது. 7 பயிற்சிகள்தான். ஓடி நிற்பது, ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடிப்பது, ஒற்றைக் காலில் குதிப்பது, கைகளை ஊன்றி நகர்வது என்று போகும். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளை வைத்து ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் நடத்தி, 2018-ல் வெளிவந்த ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. எனக்கு அதில் பிடித்தது கடைசிப் பயிற்சி: விழப் பழகுவது. கையை நீட்டி ஊன்றாமல், தோளைக் கொடுத்து உருண்டு எழுவது. நம் தரை இறுகிப்போன தரை. பிள்ளைகள் விழும்போது கையை ஊன்றித்தான் மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். முதல் பத்து நாள் மணலிலோ பாயிலோ உருளச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே செய்வார்கள், அதன்பிறகு ஆட்டத்தில் தானாக வரும்.

6.15-லிருந்து 25 நிமிடம் பந்தோடு வேலை. ஒருநாளைக்கு ஒரே விஷயம். ஃபர்ஸ்ட் டச் (வருகிற பந்தை முதல் தொடலிலேயே அடக்குவது) என்றால் அன்று முழுக்க அதுதான். இரண்டிரண்டு பேராக ஐந்தாறு அடி தூரத்தில் நிற்கட்டும். பந்து வருகிறது, பிள்ளை காலைத் தூக்கி அதன் தலையில் வைத்து அமுக்கி நிறுத்துகிறான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்து உதைக்க அவன் ஒரு அடி பின்னால் போக வேண்டியிருக்கிறது. எதிராளி வந்துவிடுவான். அதற்குப் பதிலாகக் குதிகாலைத் தரையிலிருந்து லேசாக எடுத்து, பாதத்தின் உட்பக்கத்தைக் கதவு திறப்பதுபோல் திருப்பி, பந்து பட்டதும் காலைச் சற்றுப் பின்வாங்கச் சொல்லுங்கள். பந்து பக்கவாட்டில் அரை அடி தள்ளி நிற்கும். அடுத்த உதைக்கு அதுவே தயார். வலக்காலில் 50, இடக்காலில் 50. சுவர் இருந்தால் ஜோடிகூடத் தேவையில்லை, சுவர் பந்தைத் தவறாமல் திருப்பிக் கொடுக்கும்.

நாலைந்து பேர் வட்டமாக நின்று நடுவில் ஒருவனை விட்டு, அவன் காலில் படாமல் பாஸ் செய்கிற ரோண்டோ இன்னொரு நாள். பந்து வருமுன் தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்க்கிற பழக்கத்தை அதைப்போல வேறெதுவும் தராது. ஹெட்டிங் மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் அடிக்கக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நாமும் அதையே செய்வோம்.

6.40-க்குத் தண்ணீர். 6.45-லிருந்து மேட்ச். இது கட்டாயம் இருக்க வேண்டும், பிள்ளை எழுந்து வருவதே இதற்காகத்தான். 11 பேருக்கு 11 பேர் என்று ஒரே ஆட்டமாக விடாதீர்கள். ஒரு மணி நேரத்தை 22 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூடப் பந்து கிடைக்காது. அதிலும் கெட்டிக்காரப் பயல்கள் நாலு பேர் எடுத்தது போக, ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. நாலுக்கு நாலு என்று பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஆட்டம் நடக்கட்டும். கோல்கீப்பர் வேண்டாம். செருப்பை மூன்றடி இடைவெளியில் வைத்தால் கோல். நீங்கள் வெளியிலிருந்து “பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு” என்று கத்தாதீர்கள். அந்த 25 நிமிடம் அவர்களுடையது.

கிரவுண்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவிடுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தாமதமாக வந்தால் ரவுண்டு, பாஸ் தப்பினால் ரவுண்டு. நான் அதை விட்டுவிட்டேன். நாலுக்கு நாலு ஆட்டத்தில் பிள்ளை ஓடுகிற ஓட்டம்தான் கால்பந்தின் ஓட்டம், நிற்பதும் வெட்டுவதும் திடீரென்று பாய்வதுமாக. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், ஓடுவது பிடிக்காத பிள்ளையைத்தான் வளர்ப்போம்.

வாரத்தில் எத்தனை நாள்

விளையாட்டு மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு சொல்கிறார்கள்: பிள்ளையின் வயசு எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். பத்து வயசு என்றால் பத்து மணி நேரம். ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் ஏழரைதான் ஆகிறது. மீதி இரண்டு நாள் கபடியோ கோகோவோ, பெரியவர் துணையோடு நீச்சலோ, ஒன்றுமே செய்யாமல் தூங்குவதோ, அவர்கள் விருப்பம்.

கணக்கு உடைவது மே மாத டோர்னமெண்டுகளில்தான். அணிக்கு ஐந்து பேர் ஆடுகிற ஃபைவ்ஸ் என்று ஞாயிற்றுக்கிழமை வைப்பார்கள், லீக் காலையில், செமி உச்சி வெயிலில். நன்றாக ஆடுகிற பையனை மூன்று அணி இரவல் கேட்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், 11 மணியிலிருந்து 4 மணிவரை ஆட்டம் இல்லை என்று அமைப்பாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையா, பெயரைக் கொடுக்காதீர்கள். பையன் இரண்டு நாள் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

ஊருக்குப் போகிற பிள்ளைகள்

பாதிப் பேர் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகட்டும். ஒரு பந்தை இரவலாகக் கொடுத்து, நோட்டுத்தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: சுவரில் இரண்டு காலிலும் 50, ஜக்ளிங் பத்து நிமிடம், ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம். அறுப்பு முடிந்த வயலைப்போல் ஆட்டத்துக்கு இடம் நகரத்தில் கிடைக்காது. திரும்பி வந்ததும் எத்தனை ஜக்ளிங் என்று கேளுங்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தால் பழகியிருப்பார்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். தாகம் எடுத்தவன் குடிக்கட்டும் என்று விடாமல் எல்லோரையும் நிறுத்திக் கொடுங்கள், ஆட்ட மும்முரத்தில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் பலர். கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு பிஸ்கட்டும் பாலும். முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகிற சோடியம் அதில் குறைவு, கூடவே உப்புள்ள ஏதாவது சாப்பிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிடுகிற பிள்ளைக்கு இந்தக் கவலையே இல்லை. ஓ.ஆர்.எஸ். பொடி நாலைந்து பாக்கெட் பையில் இருக்கட்டும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுங்கள், வெட்கப்படாமல் கவனிப்பார்கள்.

தலைவலி, குமட்டல், சிலிர்ப்பு, தடுமாற்றம், இதில் எது தெரிந்தாலும் பயிற்சி அத்தோடு நின்றது. நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், விசிறி. பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வலி என்று சொன்னால்

“முட்டிக்குக் கீழே வலிக்குது அண்ணா” என்று வருகிற பிள்ளைக்கு 11-லிருந்து 14 வயது இருந்தால், அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு சிறு மேடாகத் துருத்தி, தொட்டாலே சுளிப்பான். அதுபோல் 8 முதல் 13 வயதுப் பிள்ளை குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தால் குதிகால் வலி. இரண்டும் பிள்ளை மளமளவென்று உயரமாகிற பருவத்தில், எலும்பு வளர்கிற இடத்தைத் தசைநார் இழுப்பதால் வருவது. நடிக்கிறான் என்று திட்டாதீர்கள், எண்ணெய் தேய்த்து நீவி ஓடவும் விடாதீர்கள். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் நிறுத்தி, ஐஸ் வைத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். அதுவரை பிள்ளை வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம். வரட்டும், ஸ்கோர் எழுதட்டும், உட்கார்ந்து பந்தைக் கையால் எறிந்து கொடுக்கட்டும்.

பெண்பிள்ளைகள்

அழைக்காவிட்டால் வர மாட்டார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசுங்கள். பெண் ஒருவர் தினமும் கிரவுண்டில் இருப்பார், விடியுமுன் தனியாக அனுப்ப வேண்டாம், நாலைந்து பேராகச் சேர்ந்து வரட்டும் என்று சொன்னால் பெரும்பாலும் அனுப்புவார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2018-லும் 2023-லும் வென்றிருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூர் மாவட்டத்திலிருந்து போய் இந்தியாவுக்கு நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அம்மாவிடம் பேசும்போது இந்தக் கடைசி விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஆட்டத்தால் வேலையும் கிடைக்கும் என்பது வீட்டில் எடுபடும்.

பையன்களுக்கு வியாசர்பாடியைச் சொன்னால் போதும். அந்தத் தெருக்களில் வளர்ந்த தனபால் கணேஷ் 2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடியவர்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு தாள். அதில் அவசர போன் நம்பர், ரத்த வகை, வலிப்பு, ஆஸ்துமா போன்ற எதுவும் உண்டா என்ற விவரம். ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரோடுதான் வர வேண்டும். கிரவுண்டில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் காயம்பட்ட பிள்ளையோடு போனாலும் மற்றவர்களோடு ஒருவர் இருக்கலாம். பஞ்சு, கட்டுத்துணி, மருந்து, ஒரு பெரிய கேனில் குளிப்பாட்டுவதற்கென்றே தனித் தண்ணீர். அந்த கேனை நான் ஒருநாளும் மறப்பதில்லை.

பள்ளி திறக்குமுன் கடைசிச் சனிக்கிழமை, பெற்றோரை வரச் சொல்லி ஒரு சின்ன மேட்ச் வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை அட்டெண்டன்ஸ் நோட்டை ஒரு பிரதி எடுத்துப் பி.டி. மாஸ்டரிடம் கொடுங்கள்: யார் எத்தனை நாள் வந்தார்கள், யாருக்கு முட்டி வலி இருந்தது, யாருடைய இடக்கால் இப்போது பேசுகிறது. இரவல் போன பந்துகளையும் அன்றைக்கே எண்ணிவிடுங்கள்.